திறந்து பார்த்த வேர்க்கடலை

முப்பது வருடம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவன் நான். மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன். இப்படிப்பட்டவன் கையில் கடலை வயலை ஒப்படைத்தது என் மனைவி செய்த இரண்டாவது தப்பு. முதல் தப்பு என்னவென்று அவள் கல்யாண நாள்தோறும் சொல்வாள்.

விதைத்த கையோடு அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன். மூன்று மாதம் வாசல் தாண்டக் கூடாது. பதினாறு வருடமாகத் தன் கடலையிலிருந்தே விதை எடுத்து விதைப்பவள். வீட்டில் இருந்த விதை முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது. மழையோ எட்டிப் பார்ப்பதாக இல்லை.

"கிணத்துல இன்னும் ரெண்டு தடவை பாய்ச்சத்தான் தண்ணி இருக்கு," என்றாள் கட்டிலில் இருந்தபடி. "முதல் மாசம் செடி வாடும். வாடட்டும், பாவம் பார்க்காதீங்க. விழுது மண்ணுல இறங்கும்போது ஒரு தண்ணி, பருப்பு பிடிக்கும்போது ஒண்ணு. விதைக்குத் தேறினா போதும்."

தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

மூன்றாம் வாரம், உச்சி வெயிலில் இலைகள் கைகூப்பியது போல் மடிந்து நின்றன. மனசு கேட்கவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டேன். மறுநாள் செடிகள் தளதளவென்று நிமிர, தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அந்தப் பெருமையில் பத்து நாள் கழித்து இரண்டாவது தண்ணீரையும் விட்டுக் கிணற்றைக் காலி செய்தேன்.

பிறகுதான் பூ பூத்தது. பூ உதிர்ந்த இடத்திலிருந்து, மண்ணுக்குள் போய்க் காய் பிடிக்க வேண்டிய விழுதுகள் ஊசி ஊசியாகக் கீழே நீண்டன. அதற்குள் மண் சிமெண்டுத் தரையாக இறுகியிருந்தது. பாதி விழுதுகள் நுழைய வழியில்லாமல் நுனி கருகி நின்றன.

"விழுது இறங்கிடுச்சா?"

"அதெல்லாம் ஜோரா இறங்கிடுச்சு."

"தண்ணி விட்டீங்களா?"

"விட்டேனே." இது பொய்யில்லை. எப்போது என்று அவள் கேட்கவில்லை.

"அப்ப ஒரு செடி பிடுங்கிட்டு வாங்க, பார்ப்போம்."

நடு வயலில் ஒன்றைப் பிடுங்கினேன். பால்பல் அளவில் இரண்டு காய். அதை வரப்புக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு அடுத்ததைப் பிடுங்கினேன். கடைசியில் வாய்க்கால் ஓரத்தில், கொஞ்சம் ஈரம் தங்கிய இடத்தில், பதினைந்து பிஞ்சுக்காயோடு ஒன்று சிக்கியது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், நான் நல்ல விவசாயி என்று எனக்கே தோன்றிவிட்டது.

அதன் பிறகு வாராவாரம் கேட்டாள். வாராவாரம் வாய்க்கால் ஓரம் போய், நாலைந்தைப் பிடுங்கி, இருப்பதில் நல்லதைக் கொண்டுபோனேன். கடிகாரம் என்றால் பார்த்துவிட்டு மூடி வைக்கலாம். பிடுங்கிய செடியைத் திரும்ப நட்டும் பார்த்தேன். நம் அறிவு அவ்வளவு.

அறுவடையன்று ஊன்றுகோலோடு அவளே வந்துவிட்டாள். குவியல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு காயாக உடைத்தாள். பருப்பு சுருங்கிக் கிடந்தது. சில காய்களில் ஓடு வெடித்து, உள்ளே பச்சையாகப் பூஞ்சை பூத்திருந்தது. அரைமணி நேரத்தில் அவள் மடியில் ஒரு கைப்பிடி நல்ல பருப்புகூடச் சேரவில்லை.

"கடைசியில தண்ணி இல்லாம காய்ஞ்சா இப்படித்தான் ஆகும்," என்றாள். "விதைக்கும் ஆகாது, திங்கவும் கூடாது."

எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு தண்ணீரின் கதையை அப்படியே ஒப்பித்தேன்.

"சரி, வாராவாரம் கொண்டு வந்தீங்களே, அந்தச் செடியெல்லாம் எங்க நின்னுச்சு?"

வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெறும் குழிகள்.

"தண்ணி போனாலும், விதைக்குத் தேறுற காய் அங்க இருந்திருக்கு," என்றாள்.

அவள் திட்டவில்லை. திட்டினால் சொல்வதற்கு நான்கு பதில் தயாராக வைத்திருந்தேன்.