குழாய்க்குப் பக்கத்தில் நின்ற நாலு பேர்

சகல பெற்றோருக்கும், சபையாருக்கும், இனிப் பிறக்கப்போகும் சந்ததியாருக்கும் அறிவிக்கப்படுவது: கிராமபோன் கேட்கும் குழந்தைகள் செவிடாகிறார்கள் என்ற மகத்தான உண்மை, 1912 ஜூலையில் பாளையங்கோட்டையில் கண்டுபிடிக்கப்பட்டது.

கண்டுபிடித்தவர் தலைமையாசிரியர் தேவசிகாமணி. அசன் மைதீன் தம் ஜவுளிக்கடை வாசலில், ஆள் சேர்ப்பதற்காக ஒரு பாட்டுப் பெட்டி வைத்திருந்தார். தேவசிகாமணி மூன்று மாதம் சாயங்காலந்தோறும் நோட்டும் பென்சிலுமாக எதிரே நின்றார். தெருவில் நின்று கேட்ட பிள்ளைகள் நாற்பத்தேழு பேர். ஒருவருக்கும் காதில் குறையில்லை. பெட்டியின் பித்தளைக் குழாய்க்குள் தலையை விடாத குறையாக நின்றவர்கள் ஐந்து பேர். அதில் நாலு பேர் கூப்பிட்டால் திரும்பவில்லை. ஐந்தாவது, கடைக்காரர் மகன். அவனுக்குக் காது நன்றாகக் கேட்டது. ஆகவே ஆராய்ச்சியிலிருந்து நீக்கப்பட்டான்.

நாலில் ஒன்று தேவசிகாமணியின் மகள் சாலோமி, ஒன்பது வயது. சொந்தப் பிள்ளை என்றும் பாராமல் எழுதிக்கொண்ட நேர்மையை அவரே மெச்சிக்கொண்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறிக்கை வாசிக்கப்பட்டது. மறுநாள் கடை வாசலில் ஒரு பிள்ளையும் இல்லை. சேலை எடுக்கத் தாய்மாரும் வரவில்லை.

“வாத்தியாரய்யா, ஒம்ம மக பின்னால மாட்டுவண்டி வந்தாலும் வெலக மாட்டா. மூணு வருசமாப் பாக்கேன். பெட்டி வந்து ஆறு மாசந்தான வே ஆச்சு?” என்றார் அசன் மைதீன்.

“நீரு துணியைக் கிழியும். சாஸ்திரத்தை என்கிட்ட விடும்.”

அசன் மைதீன் பெட்டியை விற்றுவிட்டார்.

சாலோமி அதற்குள் குழாயோரம் நின்று ஒரு பாட்டில் பாதி கற்றிருந்தாள். அடுக்களையில் அந்தப் பாதியையே பாடிக்கொண்டிருப்பாள். செப்டம்பரில் அதுவும் நின்றுபோனது. தேவசிகாமணி நோட்டில் எழுதினார்: ‘பெட்டி போன பின்பும் பெட்டியின் தீங்கு தொடர்கிறது.’

ஒருநாள் அவர் சாப்பிட்டபடி மனைவி சாரம்மாளோடு பேசிக்கொண்டிருந்தார். சாலோமி வந்து அவர் முதுகில் காதை ஒட்டவைத்துக்கொண்டாள்.

“ஏளா, என்ன செய்யுத?”

“பேசுங்கப்பா. இங்கன வச்சாத்தான் கேக்கு. அந்தப் பெட்டியில இன்னும் நல்லாக் கேட்டுச்சு.”



“கேக்காத பிள்ளதான கிட்டப் போவும்?” என்றாள் சாரம்மாள். “கேக்குத பிள்ள தெருவுலயே நிக்கும்லா.”

கையைக் கழுவினாரோ இல்லையோ, கடைக்கு ஓடினார்.

“அண்ணாச்சி, நான் தலைகீழா எழுதிட்டேன். வார ஞாயித்துக்கிழமை சபையில திருத்தி வாசிக்கேன். அந்தப் பெட்டி மட்டும்…”

அசன் மைதீன் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“என்னத்தையும் வாசியும் வே. பெட்டி கொழும்புக்குப் போயிட்டு.”