மருந்து பூசிய வலை

காப்பித் தோட்டத்து மேஸ்திரி ஐயாக்கண்ணு ஒரு கையைச் சில்வர் ஓக் மரத்தில் ஊன்றி, அண்ணாந்து மிளகு பார்த்துக்கொண்டிருந்தார். கீழே காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த அவர் மனைவி கிருஷ்ணம்மாளின் கை நின்றது. அந்த மரத்தில் மிளகுக்கொடியே இல்லை. ஆடி மழையில் வேர் அழுகிய கொடியை அவரே ஆள் வைத்து அறுத்துப்போட்டார்.

"மாமனுக்கு இன்னிக்கு மரத்து மேல நொம்பப் பாசமாட்டம் இருக்குதுங்கக்கா. இது நாலாவது மரம்," என்றாள் பக்கத்துச் செடியில் நின்ற அம்மணி.

கிருஷ்ணம்மாள் சிரிக்கவில்லை. அந்த இரண்டாயிரமாவது வருஷம் ஆனி மாதம் கோயமுத்தூரில் அவருடைய இதயக் குழாயில் பலூன் விட்டு அடைப்பை விரித்தார்கள். அதற்கப்புறம் இந்தச் சரிவை ஒரே மூச்சில் ஏறிக்கொண்டிருந்தார். விரித்த இடம் ஆறு மாதத்துக்குள் திரும்பச் சுருங்கலாம், வலி வந்தால் உடனே வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது மார்கழி.

கூடையை இறக்கிவிட்டு ஏறினாள். அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வேர்த்திருந்தது.

"ஏனுங்க, எத்தன நாளா வலிக்குது?"

"வலியெல்லாம் இல்ல புள்ளே. மொளகு பழுத்திருக்குதான்னு..."

"கொடியே இல்லீங்க."

அவர் மரத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"பத்து நாளா. ஏறுனா புடிக்குது, நின்னா உட்டுருது. இப்பப் போனா கொழாய்க்குள்ள கம்பி வலை வெப்பாங்க. அதும் சில பேருக்கு அடைச்சுக்குதாம். மருந்து பூசுன வலைய வெளிநாட்டுல வெச்சுப் பாக்கறாங்கன்னு டாக்டரே சொன்னாரல்ல. அது வந்துரட்டும்னு இருந்தேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அன்றைக்கு அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். எந்த வருஷம் வரும் என்று மட்டும் டாக்டர் சொல்லவில்லை.

"வரட்டுங்க. வர்றப்ப நீங்களும் இருக்கோணுமல்ல. இன்னிக்கு இருக்கறத வெச்சுட்டு வருவோம்."

"பழம் பறிக்கிற நேரத்துல..."

"பழம் பறிக்கிறது நாங்க. நீங்க மரம் பாத்துட்டு நிக்கறீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் மூச்சு முட்டியது.

"கணக்கெழுதற ரைட்டரு ஜீப்பு இன்னும் சேலத்துக்குக் கெளம்பல. அத இங்க வரச் சொல்றேன், சேலத்துல இருந்து கோயமுத்தூருக்குப் போயிரலாம். நீங்க ஏற வேண்டாம், உக்காருங்க."

வேலை நேரத்தில், முப்பது பேர் பார்க்க, ஒரு மேஸ்திரி அந்தச் சரிவில் உட்கார்ந்ததில்லை. ஐயாக்கண்ணு உட்கார்ந்தார். கிருஷ்ணம்மாள் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். பறித்துக்கொண்டே மேலேறி வந்த பெண்களின் வரிசை அவரிடம் வந்ததும் இரண்டாகப் பிரிந்தது. அவரைத் தாண்டியதும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்து மேலே போனது.