கால்மாட்டில் ஏழு கிலோ

புதுக் கட்டடத்தின் லிஃப்டை அளந்தவர்கள் வெறுங்கட்டிலை வைத்து அளந்திருக்கிறார்கள். படைவீரர்களுக்கான இரண்டு மருத்துவமனைகளை ஒன்றாக்கி, அறுநூறு படுக்கையாகப் பெருக்கி, தரையில் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு இழைத்திருந்தார்கள். எங்கள் வார்டில் கட்டில் எப்படி இருக்கும் என்று யாரும் வந்து பார்க்கவில்லை.

தொடை எலும்பு நொறுங்கி வந்தவர்கள் ஒன்பது பேர். முட்டிக்குக் கீழே எலும்பில் கம்பி ஏற்றி, அதில் கயிறு கட்டி, கால்மாட்டுச் சட்டத்தின் உருளை வழியாக ஏழு கிலோ எடையைத் தொங்கவிட்டிருப்போம். சட்டத்தோடு சேர்த்தால் கட்டில் ஒன்றரை அடி நீளும். எடை இரவும் பகலும் தொங்க வேண்டும். கழற்றினால், சேரத் தொடங்கிய எலும்பு விலகிவிடும். தரை துடைக்கும் அம்மாகூட அதைத் தொடாமல் சுற்றித்தான் துடைப்பார்.

இடம் மாறும் நாளில் முதல் கட்டில் ரேடியோவுடையது. வாய் ஓயாததால் வார்டு வைத்த பெயர். எடை கட்டி ஐந்து வாரம் ஆகியிருந்தது.

"சிஸ்டர், புது வார்டுல ஜன்னலோரம் எனக்குத்தான். இப்பவே சொல்லிட்டேன்."

"முதல்ல வாயை மூடிக்கிட்டுப் போய்ச் சேருங்க."

"மூடினா, ஆள் போயிட்டான்னு நேரா பிணவறைக்குத் தள்ளிடுவாங்களே!"

தலையணையை அணைத்தபடி பின்னால் வந்த அவர் மனைவி சொன்னாள்: "அந்த வாய்க்கும் ஒரு எடை கட்டி விடுங்கக்கா. புண்ணியமாப் போகும்."

லிஃப்டுக்கு இருபதடி முன்னால் நிர்வாக அதிகாரி என்னை மறித்தார். ஒன்பது கட்டில்களையும் ஒப்படைத்ததாகக் கையெழுத்து வேண்டுமாம், அப்போதே. பதினோரு மணிக்கு அமைச்சர் வருகிறார். ரேடியோவைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு நான் நின்றேன். மூன்று தாள்கள். மூன்றாவதில் கை வைத்தபோது அலறல் கேட்டது.

கட்டிலைத் தள்ளியவர் மற்ற மருத்துவமனையிலிருந்து வந்த ஊழியர். அங்கே எலும்பு வார்டு கிடையாது. கட்டிலில் பையோ குழாயோ எது தொங்கினாலும், மேலே எடுத்து வைத்துவிட்டுத்தான் தள்ளுவார்கள். நல்ல பழக்கம். லிஃப்ட் கதவு மூடாததால் அவர் சட்டத்தைக் கழற்றி, எடையை எடுத்து, நோயாளியின் காலடியில் பத்திரமாக வைத்திருந்தார். உள்ளே தள்ளும்போது வாசல் மேட்டில் கட்டில் தூக்கிப் போட்டிருக்கிறது.

"தொங்கிட்டு இருந்துச்சு சிஸ்டர். இடிச்சிடுமேன்னு..." என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கோபத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போனதில் அது இன்னும் கொதித்தது.

எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். எலும்பின் இரண்டு முனைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "அஞ்சு வாரமும் வீண்" என்றார். "புண்ணுல சீழ் இருக்கு, இப்போ ஆபரேஷனும் பண்ண முடியாது. மறுபடியும் முதல்லேருந்து. அதுவும் சேருமான்னு சொல்ல முடியாது."

நிர்வாக அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, மத்த எட்டையும் கொண்டு வந்துடுங்க. இந்தத் தடவை மெதுவா. ரெண்டு நிமிஷ வேலை."

"வராது."

"மேலிடத்து உத்தரவும்மா."

"அதை எலும்புக்குப் போட்டுப் பாருங்க, கேக்குதான்னு."

"பத்தரைக்குப் பழைய கட்டடத்துல கரண்ட் கட் பண்ணிடுவாங்க. அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

சொன்னபடியே செய்தார்கள். விசிறிகள் நின்றன. எட்டுப் பேரும் வியர்வையில் கிடந்தார்கள், எட்டு எடைகளும் அசையாமல் தொங்கின. பார்த்துக்கொள்ள இன்னொரு நர்ஸை நிறுத்திவிட்டு, ரேடியோவைக் கொண்டுபோயிருந்த புது வார்டுக்குப் போனேன்.

வெள்ளை விரித்த காலிக் கட்டில்களைக் கடந்து அமைச்சர் ரேடியோவிடம் வந்து நின்றார். "எப்படி இருக்கீங்க தம்பி?"

ரேடியோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமைச்சர் காத்திருந்தார். மனைவியின் விரல்கள் தலையணையைப் பிசைந்தன. வார்டு மௌனமாக இருப்பது எனக்கு எப்போதுமே பிடிக்கும். ஆனால் அந்த மௌனம் அந்த வாய்க்குரியது அல்ல.

"கொஞ்சம் கூச்ச சுபாவம் சார்" என்றார் நிர்வாக அதிகாரி.

அதுதான் என்னை உடைத்தது.

"சார், இவர் கால் சண்டையில ஒரு தடவை உடைஞ்சுது. ரெண்டாவது தடவை இன்னிக்குக் காலையில, உங்க புது லிஃப்டுல உடைஞ்சுது. எங்க கட்டில் அதுக்குள்ள நுழையாது. மத்த எட்டுப் பேரும் பழைய வார்டுல, கரண்ட் இல்லாமக் கிடக்கிறாங்க. அவங்களை அசைக்க நான் விட மாட்டேன்."

கேமராக்காரர் கருவியைத் தாழ்த்தினார். அமைச்சர் நிர்வாக அதிகாரியைப் பார்த்தார். அவரைக் கையசைத்து அழைத்துக்கொண்டு வெளியே போனார். கால்மணி நேரத்தில் பழைய வார்டின் விசிறிகள் சுழன்றன. எலும்பு கூடும்வரை எட்டுப் பேரும் அங்கேயே இருக்கலாம் என்று மறுநாள் உத்தரவு வந்தது.

எனக்கும் ஒரு தாள் வந்தது. ஒன்பது கட்டில்களை ஒப்படைத்ததாகக் கையெழுத்திட்டுவிட்டு, எட்டை அனுப்ப மறுத்தது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

எழுத உட்கார்ந்தேன். எதிரே ஜன்னலோரக் கட்டிலில் ரேடியோ படுத்திருக்கிறார். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டை அனுப்பாததற்குப் பக்கம் பக்கமாக எழுத என்னிடம் விளக்கம் இருக்கிறது. அந்த ஒன்றை அனுப்பிவிட்டு நான் தாளில் குனிந்து நின்றதற்குத்தான் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.