ஏழு விநாடி

“டீச்சர்! ஒரு நிமிஷம், டீச்சர்!”

இரண்டிரண்டு படியாகத் தாவி மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தவள், தாழ்வாரத்தின் மறுகோடியில் டீச்சரின் கறுப்புக் கைப்பையைப் பார்த்ததும் கத்தினாள். போட்ட சத்தத்தில் ஏழாம் வகுப்பு ஜன்னலில் நாலு தலைகள் முளைத்தன. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து முறைத்தாள். ஒன்பதாம் வகுப்பு ஆங்கில டீச்சர் மட்டும் திரும்பவில்லை. அதே நிதானமான நடை. வகுப்புக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கையில் நேற்று வந்த கடிதம். ஒரே ஒரு வரி. ‘என் வகுப்பின் வீடியோ பதிவுகளை ஆய்வில் பயன்படுத்த நான் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.’ கீழே கையெழுத்து. காரணம்? கிடையாது.

மாலை நாலு மணிக்குள் ஆய்வேடு பல்கலைக்கழக அலுவலகத்தில் இருக்க வேண்டும். இரண்டு முறை அவகாசம் வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது. டீச்சர் புதிதாக ஒரு கையெழுத்துப் போட்டால் அவள் டாக்டர். போடாவிட்டால் மூன்று வருடம் குப்பை.

செல்போன் துடித்தது. வழிகாட்டிப் பேராசிரியர்.

“என்னம்மா, கையெழுத்து கிடைச்சுதா? கிடைக்கல. தெரியும். ஏன் மாட்டேங்கறாங்க? பயம். சரி, நாலு மணி, ஞாபகம் வச்சுக்கோ.”

வைத்துவிட்டார். பழக்க தோஷத்தில் அவள் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அழுத்தியிருந்தது. கேள்விக்கும் அவரே சொல்லிக்கொண்ட பதிலுக்கும் இடையே அரை விநாடிகூட இல்லை.

அவளுடைய ஆராய்ச்சியே அதுதான். ஆங்கிலத்தை அந்நிய மொழியாகப் படிக்கிற பிள்ளைகளிடம் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? ஆறு ஆசிரியர்கள், முப்பத்தொரு மணி நேர வீடியோ. இரவல் வாங்கிய லேப்டாப்பில் ஓட்டி ஓட்டிக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்ததுதான் மிச்சம். ஐந்து பேர் ஒரு விநாடிகூடப் பொறுக்கவில்லை. கேள்வியைக் கேட்டார்கள், பதிலையும் தாங்களே சொன்னார்கள், ‘புரிஞ்சுதா?’ என்றார்கள், அதற்கும் தாங்களே தலையாட்டிக்கொண்டார்கள். ஆறாவது ஆள் இந்த டீச்சர். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு ஏழு விநாடி நிற்பார். சில சமயம் எட்டு. அந்த வகுப்பில்தான் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் முழு வாக்கியமாக ஆங்கிலம் பேசினார்கள். இன்னும் எத்தனையோ உத்திகள். பெஞ்சுகளை அரைவட்டமாகப் போட்டு நாற்பத்திரண்டு பேரையும் தன்னைப் பார்த்து உட்காரவைத்திருந்தார். ஒருவர் பேசினால் மற்றவர் வாய் திறக்கக் கூடாது. ஆடியோ பாடத்தை நடத்துகிற பொறுப்பு முழுக்கப் பிள்ளைகளுக்கு. அவள் பேட்டி கேட்டபோதுகூட, ‘கேள்விகளை எழுதிக் குடுங்க, எழுத்துலயே பதில் தர்றேன்’ என்று அழகான கையெழுத்தில் பதினோரு பக்கம் கொடுத்தார். என்ன அக்கறை என்று புல்லரித்துப் போய் நான்காம் அத்தியாயம் முழுவதையும் அவரை வைத்தே எழுதியிருந்தாள். ‘காத்திருத்தல் என்னும் உத்தி.’ தொண்ணூறு பக்கம்.

மதிய இடைவேளைக்கு அரை மணி இருந்தது. ஆசிரியர் அறையில் போய் உட்கார்ந்தாள். விடைத்தாள் கட்டுக்குப் பின்னாலிருந்து கணக்கு வாத்தியார் தலையை நீட்டினார்.

“யாரு, ஸ்டாப்வாட்ச் அக்காவா? மகாராணியப் பார்க்க வந்தீங்களாக்கும்?”

“கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமப் போறாங்க சார்.”

“எங்களுக்கே அந்த மரியாதைதான். மூணு வருஷமா ஸ்டாஃப் மீட்டிங்ல ஒரு வார்த்தை பேசினதில்ல. நம்மகிட்டப் பேசுனா அவங்க இங்கிலீஷ் தேய்ஞ்சு போயிடும் பாருங்க.”

சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கணவனிடமிருந்து செய்தி வந்திருந்தது. ‘டாக்டரம்மா, ஸ்வீட் வாங்கலாமா, இல்ல அதுக்கும் அவகாசம் கேக்கணுமா?’ போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பன்னிரண்டரைக்குப் பிள்ளைகள் படிக்கட்டில் உருண்டு ஓடி முடித்ததும் காலியான வகுப்புக்குள் நுழைந்தாள். டீச்சர் கரும்பலகைக்கு முன்னால், மேஜைமேல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். இவளைப் பார்த்ததும் முகத்தில் கோபம் இல்லை, ஒரு களைப்பு.

“உக்காருங்கம்மா. இப்படி எதிர்ல வந்து உக்காருங்க.”

உட்கார்ந்தாள். கடிதத்தை நீட்டினாள்.

“இது ஏன் டீச்சர்? நான் என்ன தப்பு பண்ணினேன்?”

“நீங்க ஒண்ணும் பண்ணல.”

“பின்ன?”

“போன வாரம் தலைமையாசிரியருக்கு ஒரு லெட்டர் வந்துச்சே. கல்வித் துறையிலேர்ந்து மூணு பேர் என் வகுப்பப் பார்க்க வர்றாங்கன்னு.”

“ஆமா, நான்தான் ஏற்பாடு பண்ணினேன். உங்களுக்குப் பெருமைதானே டீச்சர்? உங்க முறைய எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோகப் போறாங்க. அவங்க பாட்டுக்குக் கடைசி பெஞ்சுக்குப் பின்னாடி உக்காந்திருப்பாங்க. நடுவுல நடுவுல ரெண்டு கேள்வி கேட்பாங்க. அவ்வளவுதான்.”

“பின்னாடியிருந்தா?”

“வேற எங்கிருந்து?”

டீச்சர் டப்பாவை மூடினார். வெறும் மணிக்கட்டை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

“வேண்டாம்மா. வீடியோ இருந்தாத்தானே அவங்க வருவாங்க? அது இல்லாம உங்க ஆய்வ முடிக்கப் பாருங்க. எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.”

“வேலை ஏன் டீச்சர் போகப் போகுது? உங்கள மாதிரி யாருமே காத்திருக்கறதில்ல! இத எங்க கத்துக்கிட்டீங்க, அதையாவது சொல்லுங்க.”

“கத்துக்கல. அப்படி ஆயிடுச்சு.”

மழுப்பல். மூன்று வருட உழைப்புக்கு அகப்பட்டது மூன்று சொல். அவள் எழுந்துவிட்டாள். அழுகை தெரியக் கூடாதென்று ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கீழே மைதானத்தில் பிள்ளைகள் ஒரு பந்துக்குப் பின்னால் மொத்தமாக ஓடினார்கள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள். குரல் உடைந்து, பிறகு ஏறியது.

“நாற்பத்திரண்டு பிள்ளைங்களுக்கு ஏழு விநாடி குடுக்கறீங்க. எனக்கு ஒரு பதில் குடுக்க மாட்டீங்களா? உங்க கர்வத்துக்கு என் வாழ்க்கைதான் கெடச்சுதா?”



இடுப்புப் பையில் இருந்த ஸ்டாப்வாட்சைக் கட்டைவிரல் தானாக அழுத்தியது. ஐந்து. ஏழு. பத்து. இருபது விநாடி. இவ்வளவு பேசியும் ஒரு முனகல்கூட இல்லாத மனுஷியா? சண்டைக்கே தயாராகத் திரும்பினாள்.

டீச்சர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறவளுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கிற முகம்.

அந்த நொடியில் மணி அடித்தது.

பழைய மின்சார மணி. கரும்பலகைக்கு மேலே, டீச்சரின் தலைக்கு நேர் பின்னால், சுவரில் பதித்திருந்தது. காதைக் கிழித்துக்கொண்டு அலறியது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

டீச்சருக்கு இமைகூட அசையவில்லை. மணிக்கட்டை மறுபடி பார்த்துக்கொண்டார்.

“என் வாட்ச் ரிப்பேருக்குப் போயிருக்கு,” என்றார். “மணி அடிச்சா கொஞ்சம் சொல்லுங்கம்மா.”

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் காதிலிருந்து கையை எடுத்தாள். அரைவட்ட பெஞ்சுகளைப் பார்த்தாள். சற்றுமுன் தான் முதுகைக் காட்டி நின்ற ஜன்னலைப் பார்த்தாள்.

“அடிச்சிடுச்சு, டீச்சர்.”

அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. டீச்சரின் கண்கள் அவள் உதட்டின் மேல் இருந்தன.

“சரி,” என்று எழுந்தார்.

பிள்ளைகள் திபுதிபுவென்று உள்ளே வந்தார்கள். வாசலைத் தாண்டியதும் யாரும் சொல்லாமலே சத்தம் அடங்கியது. நாற்பத்திரண்டு பேரும் முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். அவள் கடிதத்தைப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள். செல்போனில் மணி ஒன்று. டீச்சர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். வாயை மூடினார். அவருடைய கண்கள் இடது ஓரத்து முதல் முகத்தில் தொடங்கின. அடுத்தது, அதற்கடுத்தது, ஒவ்வொரு உதடாக, ஒன்றையும் விடாமல், வகுப்பின் மறுகோடியை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.