தலைவர் ஏறிய ஏணி

செஞ்சிக் கோட்டைக்கு மேற்கே, ராஜகிரி மலையை அண்ணாந்து பார்க்கும் தூரத்தில் இருக்கிறது கல்லேரிமேடு. அந்த ஊராட்சியின் துணைத் தலைவர் பாரதி. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். நீட்டிய இடத்தில் கேள்வி கேட்காமல் போடுவாள் என்று நம்பித்தான் தலைவர் சுந்தரமூர்த்தி அவளை அந்தப் பதவிக்குக் கொண்டுவந்தார்.

மூன்று வருடம் அவளும் அப்படித்தான் போட்டாள். தேர்தலில் சொன்னபடி தண்ணீர்க் கட்டணத்தை ரத்து செய்தார்கள்; அவளும் கை தூக்கினாள். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு இலவச வேன் விட்டார்கள். தெருவுக்கு இரண்டு மடங்கு விளக்கு வந்தது. வருகிற மானியம் கரண்டு பில்லுக்கும் சம்பளத்துக்குமே இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஊராட்சிச் செயலர் ரங்கநாதன் இதை இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். "இப்ப போய் வரின்னு வாயத் தொறந்தா அடுத்த தடவ எவன் ஓட்டு போடுவான்?" என்று தலைவர் அவர் வாயை அடைத்தார்.

தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டவன் பாரதியின் தம்பி அறிவுமதி. தொட்டியின் இரும்பு ஏணி துருப்பிடித்துவிட்டது, மாற்றுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தான். நிதி இல்லை என்றார்கள். சித்திரை மாதம் ஒரு காலை, தொட்டி கழுவ ஏறியவன் படி உடைந்து இருபது அடி உயரத்திலிருந்து விழுந்தான். முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குத் தலைவர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். பாரதியைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, "ஏணி நல்லாத்தான் இருக்குது பாரதி. பையன் அஜாக்கிரதையா கால வெச்சுட்டான். எவனாவது கேட்டா அப்டியே சொல்லு" என்றார்.

அவள் தலையாட்டினாள். அவர் போன பிறகு பழங்களைக் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். அந்த ஆளை ஊர் பார்க்கத் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று அன்று முடிவு செய்தாள்.

ஆவணியில் தலைவர் ஒரு காகிதத்தை நீட்டினார். ஊர் எல்லையில் அவருடைய அப்பா பேரில் நுழைவு வளைவு. ஒன்பது லட்சம். கரண்டு பில்லை நிறுத்திவைத்து அந்த மானியத்தில் கட்டலாம் என்றார்.

"போட மாட்டேன்."

"இன்னா?"

"சம்பளம், கரண்டு பில்லு ரெண்டுக்கும் போடுவேன். வேற எதுக்கும் போட மாட்டேன்."

"உன்ன அந்தச் சேர்ல உக்கார வெச்சது யாரு தெரியுமா?"

"தெரியும் தலைவரே. தெரிஞ்சுதான் சொல்றேன்."

அந்த அமாவாசைக்கு வேன் வரவில்லை. ஊர் அவள் மேல் பாய்ந்தது. "அங்காளம்மன பாக்க விடாத பாவி" என்று குழாயடியில் பக்கத்துத் தெரு மங்கை அவள் காதுபடவே திட்டினாள். அறிவுமதி விழுந்த பிறகு தொட்டியில் ஏற யாரும் முன்வரவில்லை. குழாயில் பாசி நாற்றத்தோடு தண்ணீர் வந்தது. அதற்கும் பாரதியைத்தான் திட்டினார்கள். அக்டோபர் இரண்டாம் தேதிக்காகக் காத்திருந்தாள்.

அன்று கிராம சபை. தொட்டிக்குக் கீழேதான் பந்தல். முந்நூறு பேர் இருந்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்து, ஒரு பொம்பளையின் பிடிவாதத்தால் ஊர் வளர்ச்சி நின்றுபோனது என்றார். பாரதி எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

"தலைவரே, இந்த ஏணி நல்லா இருக்குதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னீங்களே. எல்லாரும் பாக்கட்டும். ஏறுங்க."

"இன்னா வெளையாட்டா இது?"

"என் தம்பி தெனம் ஏறுனான். நீங்க ஒரு தடவ ஏறுங்க. மேல தொட்டு, கீழ வந்துட்டா, வளைவுக்கு இங்கயே கையெழுத்து போடறேன். வேனுக்கும் போடறேன்."

கூட்டம் அவரைப் பார்த்தது. "ஏறுங்க தலைவரே, நல்லாத்தான இருக்குது" என்று மங்கையே குரல் கொடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார். ஆறு படி ஏறினார். ஏழாவதில் கால் வைத்ததும் ஏணி முழுவதும் சுவரிலிருந்து விலகி ஆடியது. துரு அவர் சட்டையில் உதிர்ந்தது. இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

"புடிங்கடா!" என்று கத்தினார்.

நான்கு பேர் ஓடினார்கள். பாரதி குறுக்கே நின்றாள். ஏணிக்கு அடியில் போய் மைக்கை உயர்த்திப் பிடித்தாள்.

"ஏன் மாத்தல?"

"இறக்குங்க மொதல்ல…"

"ஏன் மாத்தல தலைவரே?"

"பணம் இல்ல! ஊராட்சியில பணம் இல்ல! வரி வாங்காம எங்கேந்து வரும்?" ஒலிபெருக்கி அதை நான்கு தெருவுக்கும் கொண்டுபோனது.

அப்புறம்தான் அவள் வழிவிட்டாள். அவர் இறங்கி வந்து, யாரையும் பார்க்காமல், தரையிலேயே உட்கார்ந்தார். அவர் சட்டையெல்லாம் துரு ஒட்டியிருப்பதை அவள் நின்று நிதானமாகப் பார்த்தாள். சர்க்கரை தின்றதுபோல் இருந்தது.

வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய் தண்ணீர்க் கட்டணம், முதல் செலவு ஏணிக்கு என்று தீர்மானம் வைத்தாள். முணுமுணுப்புக்கு நடுவே கைகள் உயர்ந்தன. கடைசியாகத் தலைவரும் கை தூக்கினார்.

வீட்டுக்கு ஓடிவந்து தம்பியிடம் ஒன்று விடாமல் சொன்னாள். கட்டிலில் கிடந்தபடி கேட்ட அறிவுமதி சிரிக்கவில்லை.

"மூணு வருசம் நீயும்தான கையெழுத்து போட்டக்கா."

"போட்டேன்" என்றாள். அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்துவிட்டு, வெகுநேரம் அவன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

கட்டணம் வசூலிக்க ஆள் போடலாம் என்றார் ரங்கநாதன். தானே போகிறேன் என்று ரசீதுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலை முதலில் போய் நிற்பது சுந்தரமூர்த்தியின் வாசலில். அவர் மனைவி ஐம்பது ரூபாயோடு வருவாள்.

"அவரையே கொண்டாரச் சொல்லுங்க" என்பாள் பாரதி. அவர் வரும்வரை வெயிலில் அப்படியே நிற்பாள்.