சூட்டில் நிற்கும் வண்டி

ஒரு வண்டியின் கோளாறை, அது கோளாறின்றி இருக்கும் வேளையில் மட்டுமே தேடுவது என்று ஒரு சங்கம் விதி வகுத்துக்கொண்டால், அச்சங்கத்தாரை மூடர் என்பதா, கயவர் என்பதா? வாராங்கி ஊரின் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தில் நெடுங்காலம் உறுப்பினனாக இருந்த எனக்கு இன்றளவும் விளங்கவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம்.

எங்கள் வழக்கம் இது. வசந்தகால ஓட்டத்தன்று காலையில் வண்டிகள் கொட்டகை முன் வரிசையாக நிற்கும். சங்கத் தலைவர் கெல்வின் ஸ்ட்ரூட் ஒவ்வோர் எஞ்சின்மீதும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அது சில்லென்று இருக்க வேண்டும். வீட்டிலேயே சூடேற்றிக் கொண்டுவருவது ஏமாற்றாகக் கருதப்படும். பிறகு அனைவர் முன்னிலையிலும் உதைத்துக் கிளப்ப வேண்டும். கிளம்பினால் அது நல்ல வண்டி. வழியில் நின்றுபோனால், பின்னால் வரும் டிரெய்லரில் உடனே ஏற்றிவிடுவார்கள். கோதுமை லாரிகள் விரையும் சாலை என்பதால், ஓரத்தில் நின்று கருவிப்பையைத் திறக்க அனுமதி இல்லை. கோளாறு எதுவாயினும் கொட்டகைக்குத் திரும்பிய பின்னரே ஆராயப்படும். அதற்குள் எஞ்சின் ஆறிவிடும் என்பதை ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

சங்கத்தின் மூத்த உறுப்பினர் லெஸ் ப்ரூவெட் நோய்வாய்ப்பட்டிருந்த கோடையில், தம் ஆங்கிலேய இரட்டைச் சிலிண்டர் வண்டியைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். அன்று மாலை கொட்டகை வாசலில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தோம். அவர் பீர்க் குவளையை உயர்த்தி ஒரு நிபந்தனையையும் அறிவித்தார்.

"நோலீன் இதை வசந்த ஓட்டத்துல ஓட்டி, டிரெய்லர் ஏறாம திரும்பி வந்துட்டா வண்டி அவளுக்கு. மூணு வருஷம் டைம். முடியலைன்னா சங்கத்துக்கே. கெல்வின் பாத்துக்குவான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய மனைவி நோலீன் மட்டும் சிரிக்கவில்லை. அவ்வண்டியின் பின்னிருக்கையில் அவருடைய இல்லற வாழ்வு முழுவதும் கழிந்திருந்தது. முன்னிருக்கையில் ஒரு நாளேனும் அமர லெஸ் விட்டதில்லை. அந்த முன்னிருக்கையைத்தான் நோலீன் விரும்பினார். வேறெதையும் அவர் கேட்கவில்லை.

லெஸ் மறைந்த பின் வந்த முதல் ஆண்டு ஓட்டத்தில், நோலீனின் முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது. பத்து மைல் ஓடை என்ற சிற்றோடையைத் தாண்டி டீமர் மேட்டில் ஏறும்போது இருமத் தொடங்கியது. இரு சிலிண்டர்களும் மாறி மாறி விட்டுவிட்டு வெடித்தன. பாதி மேட்டில் முற்றிலும் அடங்கிவிட்டது. எவ்வளவு உதைத்தும் பயனில்லை. டிரெய்லரில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். கெல்வின் ஒரே உதைதான் உதைத்தார். வண்டி கடிகாரம்போல ஓடியது.

"வண்டில ஒண்ணும் இல்ல, கண்ணு," என்றார் கெல்வின். "மேல உக்காந்திருந்த ஆள்லதான் மிஸ்ஸிங்."

டிரெய்லரில் திரும்புகிறவருக்குத் துருப்பிடித்த பிஸ்டன் ஒன்றைப் பரிசாகக் கொடுப்பது எங்கள் கேலி. நோலீன் அதை வாங்கிக்கொண்டு போனார். மறு ஆண்டும் அதே மேடு, அதே இருமல், அதே பிஸ்டன். இடையில் சங்கத்து மேதைகள் கார்புரேட்டரைப் பிரித்தார்கள், அதன் ஜெட்டை மாற்றினார்கள், பெட்ரோல் குழாயை மாற்றினார்கள், பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளையைக் குத்திப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, எதனால் குணமாயிற்று என்று அறிய இயலாத நிலையில், குணமாகிவிட்டது என்று அறிவித்தார்கள். ஆராய்ச்சி என்பதற்கு இதைவிடப் பெரிய அவமதிப்பை நான் கண்டதில்லை.

மூன்றாம் ஆண்டு ஓட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன், நோலீன் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்தார். அனல் வீசிய பிற்பகல். பழகுவதற்காகச் சங்கம் அவரிடம் விட்டிருந்த வண்டியை, வேலிக்குள் இருந்த காய்ந்த புல்வெளியில் சுற்றிச் சுற்றி ஓட்டினார். நெடுநேரத்துக்குப் பின் அது இருமியது; நின்றது. அவர் இறங்கி, கனத்த துணியால் பிடித்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க."

பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தது.

"பெட்ரோல் வந்துட்டுத்தான் இருக்கு. அப்புறம் எதுக்கு ரெண்டு வருஷமா கார்புரேட்டரைப் போட்டுக் குடையறாங்க?"

பிளக்கை நன்கு துடைத்து வயரில் மாட்டி, சிலிண்டரின் உலோகத்தின்மேல் சாய்த்துவைத்து உதைத்தார். செம்மஞ்சளாக ஒரு நூலிழைப் பொறி தோன்றியது. அடுத்த உதையில் அதுவும் இல்லை. நாங்கள் எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு, எஞ்சின் ஆறிய பின் திரும்பினோம். மீண்டும் உதைத்தார். நீலப் பொறி சடசடவென்று பாய்ந்தது.

"மேக்னெட்டோ," என்றேன், பொறிக்கு மின்சாரம் தரும் கருவியைக் காட்டி.

"அதுக்குள்ள இருக்கிற கண்டென்சர். சூடானா செத்துப்போகுது, ஆறினா பொழைச்சுக்குது." பிளக்கைத் திரும்பத் திருகிப் பூட்டியவர், "லெஸ்ஸுக்கு இது தெரியும்," என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"ஒவ்வொரு வருஷமும் ஓடைக்கிட்ட நிறுத்துவாரே. 'நீ போய்ப் பறவையெல்லாம் பாரு, டீ போடு'ன்னு என்னை அனுப்பிருவார். திரும்பி வந்தா, கர்ச்சீப்பை நனைச்சு மேக்னெட்டோ மேல போத்தி வச்சிருப்பார். கேட்டா, தூசி துடைக்கிறேம்பார்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. லெஸ் இருந்தவரை சங்கம் முழுவதும் அவருக்காகவே ஓடைக்கரையில் நின்று தேநீர் குடித்தது. அவர் மறைந்ததும், நேரம் வீணாகிறது என்று கெல்வின் அந்நிறுத்தத்தை நீக்கினார். தாம் ஒருமுறைகூட எழுதித் தேறாத தேர்வை லெஸ் தம் மனைவிக்கு வைத்துவிட்டுப் போயிருந்தார்.

வண்டி இன்னும் சங்கத்தின் பெயரில் இருந்தமையால், தலைவரின் ஒப்புதலின்றி மேக்னெட்டோவைத் திறக்க இயலாது. மறுநாள் கொட்டகைக்குச் சென்று கேட்டோம்.

"அது நான் கட்டின மேக்னெட்டோ," என்றார் கெல்வின், தலையை நிமிர்த்தாமலே. "கம்பி சுத்தினது நான். கண்டென்சரை மீட்டர் வச்சுப் பாத்துதான் உள்ள விட்டேன்."

"சூடா இருக்கும்போது பாத்தியா?" என்றார் நோலீன்.

"சூடா இருக்கிற மேக்னெட்டோவை எவன் பாப்பான்? போ கண்ணு, போய் கிளட்ச் பிடிச்சுப் பழகு."

ஓட்டத்தன்று முழங்கால் வலி காரணமாக நான் வண்டி ஓட்டவில்லை; டிரெய்லரை இழுக்கும் லாரியில், ஓட்டுநர் கிளாரியின் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். கெல்வினின் உள்ளங்கைத் தேர்வு நடந்தது. நோலீனின் வண்டி முதல் உதையில் கிளம்பியது. ஓடையை அடைந்ததும் மற்றவர்கள் விர்ரென்று மேட்டை நோக்கிப் போய்விட, நோலீன் மட்டும் சாலையை விட்டிறங்கி, யூகலிப்டஸ் நிழலில் எஞ்சினை அணைத்தார். கிளாரியும் லாரியை நிறுத்த வேண்டியதாயிற்று.

"என்ன நோலீன், ஏத்திரவா?"

"எதுக்கு? வண்டி நிக்கலை கிளாரி. நான் நிறுத்திருக்கேன்."

கருவிப்பையை அவர் தொடவில்லை. லெஸ்ஸின் கைக்குட்டையை ஓடையில் நனைத்துப் பிழிந்து மேக்னெட்டோமீது போர்த்தினார். காய்ந்ததும் மீண்டும் நனைத்தார். கிளாரி இரண்டு சிகரெட் பிடித்து முடித்தார். பிறகு ஓர் உதை. டீமர் மேட்டில் அவ்வண்டி ஒருமுறைகூட இருமாமல் ஏறியதை நான் பின்னாலிருந்து கண்டேன். உச்சியைக் கடந்ததும் நோலீன் ஒரு கையை உயர்த்தினார். எங்களுக்காக அல்ல, தமக்காகவே உயர்த்தினார் என்று எண்ணுகிறேன்.

மறுபுறச் சரிவில் இறங்கிச் சமவெளியைச் சுற்றிக்கொண்டு கொட்டகையை அடைந்தபோது, ஏனையோர் உண்டு முடித்திருந்தார்கள். நோலீன் எஞ்சினை அணைக்காமலே இறங்கினார்.

"வந்துட்டேன். டிரெய்லர் காலியா வருது, பாத்துக்குங்க."

கெல்வின் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஓட்டம்னா எல்லாரோடயும் ஓடணும். ஓடைக்கரையில குந்திட்டு வர்றதுக்குப் பேரு பிக்னிக்."

"லெஸ் குந்தினப்ப அதுக்குப் பேரு என்ன?"

"லெஸ் எங்களுக்கெல்லாம் டீ போட்டுக் குடுத்தான், கண்ணு."

"டீ போட்டது நான்."

சிரிப்பதற்காகத் திறந்த வாய்கள் சில அப்படியே நின்றன. அந்நேரத்தில், நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் இருமியது, விட்டுவிட்டு வெடித்தது, அடங்கியது.

"இப்பக் கழட்டிப் பாரு பிளக்கை," என்றார் நோலீன். "இப்பத்தான் பாக்கணும், கெல்வின். வா, வந்து பாரு."

கெல்வின் எழுந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "எஞ்சின் ஆறட்டும். விதி விதிதான்."

உடனே வாக்கெடுப்பு நடந்தது. நிபந்தனை நிறைவேறியது என்பதற்கு என் கையும் கிளாரியின் கையும் உயர்ந்தன. மற்றவர்கள் நிபந்தனையின் சொற்களை மறந்து, கெல்வினின் முகத்தைப் பார்த்தார்கள். 'டிரெய்லர் ஏறாம' என்று லெஸ் சொன்னதை அவர்கள் அனைவரும் தம் காதால் கேட்டவர்கள். வண்டி கொட்டகைக்குள் தள்ளப்பட்டது. நோலீன் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். லாரியில் கொண்டுபோய் விடுகிறேன் என்ற கிளாரியிடம் வேண்டாம் என்றார்.

அந்த மழைக்காலத்தில் கெல்வின் ஒருவருக்கும் சொல்லாமல் மேக்னெட்டோவைத் திறந்து புதிய கண்டென்சரைப் பொருத்தினார். அடுத்த வசந்தத்தில் அவ்வண்டியின் முன்னிருக்கையில் அமர்ந்து ஓட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அவரே. பல்லாண்டுக் கோளாறைக் கண்டுபிடித்தமைக்காகச் சங்கம் அவருக்குக் கேடயமும் வழங்கியது. அக்கேடயத்தில் பொறித்த வாசகத்தில் பிழை ஒன்றும் இல்லை, பொய்யைத் தவிர. நான் அதற்கு முன்பே விலகிவிட்டேன்.

அவ்வோட்டத்துக்கு முதல் நாள் நான் நோலீனின் வீட்டில் இருந்தபோது, கிளாரி தலைகுனிந்தபடி வந்து நின்றார். லெஸ்ஸின் நினைவாக ஓடைக்கரைத் தேநீரை மீண்டும் தொடங்கப் போகிறார்களாம்.

"நீ வந்து டீ போட்டுக் குடுத்தா நல்லாருக்கும்னு கெல்வின் சொல்லச் சொன்னான், நோலீன். என்னைத் திட்டாத."

நோலீன் திட்டவில்லை. உள்ளே சென்று, அடியில் கரிபிடித்த பழைய கெட்டிலைக் கொண்டுவந்து கிளாரியின் கையில் கொடுத்தார்.

"கெல்வின்கிட்டக் குடு. சூடா இருக்கும்போது தொடச் சொல்லு."