புளிப்பு வேறு, புளித்தது வேறு

பாட்டில்களை அட்டைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஐஸ் தொட்டியில் புதைக்கும்போதுதான் கவிநிலா அந்த வரியைப் பார்த்தாள். லேபிளின் பின்பக்கம், பொடி எழுத்தில், "மேத்ர் பிராசர்: அந்துவான்" என்று இருந்தது. மேத்ர் பிராசர் என்றால் பிரெஞ்சில் பீர் வடிக்கிற தலைமை ஆள். அந்துவான் என்றால் பாரிஸில் செல்போனுக்கு இன்ஷூரன்ஸ் விற்கிற ஆள். பாண்டிச்சேரி உப்பளத்தில் இருக்கும் பெற்றோரைப் பார்க்க மூன்று வார லீவில் வந்திருக்கிறான். பீரைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அது ஜில்லென்று இருக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

வடித்தவள் கவிநிலா. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, கமலக்கண்ணனுக்கும் கிடையாது. சேதராப்பட்டில் அவர் நடத்தும் சின்ன பீர்த் தொழிற்சாலையில் அவள் லேப் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒரு பால் கம்பெனியில் தயிர்ப் பிரிவில் இருந்தாள். வெளிநாட்டில் பழமும் பூவும் போட்டுப் புளிப்பாக ஒரு பீர் செய்கிறார்களே, நாமும் செய்து பார்த்தால் என்ன என்று கேட்டவள் அவள். "பண்ணிப் பாரேன்" என்று சொன்னவர் கமலக்கண்ணன். இந்த இரண்டு சொல்லைத் தவிர அந்த பீரில் அவருடைய பங்கு ஒரு சொட்டும் இல்லை.

ஒன்றரை வருடம் ஆயிற்று. பார்லியைக் கஞ்சியாகக் காய்ச்சி வடிகட்டி, சூடு தணிந்ததும் தயிருக்கு உறை ஊற்றுவது போல உறை ஊற்றி, இரண்டு நாள் மூடி வைத்து, பதமான புளிப்பு ஏறியதும் மறுபடி கொதிக்கவிட்டு, அதற்குப் பிறகுதான் ஈஸ்ட். பழத்துக்குக் களாப்பழம். ஆனி மாதத்தில் செம்மண் காட்டு வேலிகளில் பறித்துப் பெண்கள் சந்தைக்குக் கொண்டு வருவதைப் படி படியாக வாங்கி, விதை எடுத்துப் பிசைந்து போட்டாள். பூவுக்கு மகிழம்பூ. லாஸ்பேட்டையில் அவள் படித்த கல்லூரியில் ஸ்கூட்டர் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மகிழமரம் உண்டு. காலையில் வேலைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, உதிர்ந்த பூவைப் பொறுக்கி வந்து பேப்பரில் பரப்பிக் காயவைப்பாள். காய்ந்த பிறகும் மணம் போகாத பூ அது. பதினோரு தடவை செய்ததைச் சாக்கடையில் கொட்டினாள். ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டில் வீட்டுக்குப் போகும். மில் மூடும் வரைக்கும் தறியில் நின்று வேலை பார்த்த அவள் அப்பா கண்ணையன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். பன்னிரண்டாவது தடவை இன்னொரு வாய்க்காக டம்ளரைத் திரும்ப நீட்டினார். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நடுவில் பெங்களூரிலிருந்து வேறொரு கம்பெனி அவளைக் கூப்பிட்டது. கமலக்கண்ணன் காலில் விழாத குறைதான். "பாட்டில்ல உன் பேரத்தான் போடறோம் கவிநிலா. இது உன் பீரு" என்றார். பேர் வருகிறதே, அது போதும் என்று அவள் இருந்துவிட்டாள். இப்போது பேர் வந்துவிட்டது. எவனோ ஒருவனுடைய பேர்.

அறிமுக விழா அன்று மாலை ஐந்து மணிக்கு, கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு ரெஸ்டாரண்டின் முற்றத்தில். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பிரம்பு நாற்காலி என்று வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது. கமலக்கண்ணன் நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் பாட்டிலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்னா சார்?"

அவர் இதை எதிர்பார்த்துத்தான் இருந்திருக்க வேண்டும். பதில் தயாராக இருந்தது. "கோவப்படாம கேளும்மா. பாண்டிச்சேரிக்கு ஜனங்க எதுக்கு வர்றாங்க? பிரெஞ்சுக்கு. அந்துவான்னு போட்டா நம்பிக் குடிப்பாங்க. கவிநிலான்னு போட்டா ஏதோ மகளிர் குழு ஊறுகாய்னு நெனப்பாங்க."

"ஊறுகாய்லயாச்சும் போட்டவங்க பேரு இருக்கும் சார்."

"அது மட்டும் இல்ல. பேப்பர்காரங்க வர்றாங்க. கையில பீர் கிளாஸோட உன் போட்டோ வந்தா உங்க அப்பா என்னா நெனப்பாரு? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எங்கப்பாதான் சார் பன்னெண்டு தடவையும் குடிச்சுப் பாத்தாரு."

கமலக்கண்ணன் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். "சரி சரி, ஃபங்ஷன் முடியட்டும், அப்புறமா பேசிக்கலாம்" என்று அவள் தோளுக்கு மேலாக யாரையோ பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். இந்த மாதிரி ஆட்களின் 'அப்புறம்' என்றைக்கு வந்திருக்கிறது? அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை பாட்டிலையும் தூக்கிப் போட்டு உடைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று கை பரபரத்தது. ஆனால் உடைவது அவளுடைய பீர். அந்த ஒரு காரணத்துக்காகத் திரும்பி வந்து ஐஸ் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

அந்துவான் புத்தம்புது தோல் ஏப்ரன் மாட்டிக்கொண்டு வந்தான். விலைச்சீட்டு தொங்கிய நூல் இன்னும் அதில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"பார்தோன் அக்கா, மன்னிச்சிடுங்க. சார் எங்க அப்பாவோட ஃப்ரெண்டாச்சே, மாட்டேன்னு சொல்ல முடியல. யாராச்சும் எதாச்சும் கேட்டா நான் என்னா சொல்றது?"

தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்து இவன் மானத்தை வாங்கிவிடலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பீர் என்ன பாவம் செய்தது?

"மொதல்ல மோந்து பாக்கச் சொல்லு தம்பி" என்றாள். "அப்புறம் ஒரே ஒரு வாய். கொஞ்ச நேரம் நாக்குலயே வச்சிருக்கணும். மடக்குன்னு குடிச்சா புளிப்புதான் தெரியும், பூ தெரியாது."

"மெர்சி அக்கா" என்று அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

முப்பது பேர் வந்தார்கள். வெளிறிய ரோஸ் நிறத்தில், மேலே மெல்லிய வெள்ளை நுரையோடு, கிளாஸ்கள் தட்டில் போயின. அவள் சொல்லிக்கொடுத்ததை அந்துவான் பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாக நன்றாகவே சொன்னான். கூட்டம் மோந்து பார்த்தது, ஒரு வாய் குடித்தது, நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை உருட்டியது. பட்டுப் புடவையும் வெள்ளி வளையலுமாக வந்திருந்த ஒரு அம்மாள், "கண்ண மூடினா பிரான்ஸ்ல ஏதோ ஒரு தோட்டத்துல நிக்கிற மாதிரி இருக்கு" என்று அந்துவானின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். லாஸ்பேட்டை ஸ்கூட்டர் ஸ்டாண்ட் என்று கத்த வேண்டும் போல இருந்தது கவிநிலாவுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு பேப்பர் கப்பில் தனக்கும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். வாய்க்குக் கொண்டு போகும் முன்பே மகிழம்பூ வந்துவிட்டது. அப்புறம் களாப்பழம், அதன் இனிப்பும் லேசான துவர்ப்பும். அதற்கும் பின்னால் தாடையின் இரண்டு மூலையிலும் சுரீரென்று பிடிக்கிற புளிப்பு. விழுங்கிய பிறகு வாய் சுத்தமாக, இன்னொரு வாய்க்குத் தயாராக இருந்தது. நல்ல பீர். இவ்வளவு நல்ல பீரைச் செய்துவிட்டு ஐஸ் தொட்டிக்குக் காவல் நிற்கிறோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

கோவிந்தராசு வரும்போது மணி ஆறு. ஊரில் ஏழு பார் வைத்திருக்கிறவர். அவர் வாங்கினால் ஒரு சரக்கு ஓடும், வேண்டாம் என்றால் குடோனில் தூங்கும். இந்த விழாவே அவருக்காகத்தான். அந்துவானின் பேச்சு முடிந்துவிட்டிருந்தது, மோந்து பாருங்கள் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. கமலக்கண்ணன் ஓடிப்போய் ஒரு கிளாஸை அவர் கையில் கொடுத்தார். வெயிலில் வந்தவர் மோர் குடிப்பது போல மடக்கென்று பாதியைக் கவிழ்த்துக்கொண்டார். அடுத்த நொடி திரும்பிப் பூந்தொட்டியில் துப்பினார்.

"என்னய்யா இது. புளிச்சுப் போனத ஊத்திக் குடுக்குற?"

முற்றத்தில் ஒவ்வொரு கிளாஸாக மேஜைக்குப் போயிற்று. கொஞ்சம் முன்னால் பிரான்ஸ் தோட்டத்தில் நின்ற அம்மாள், "எனக்கும் அப்பவே ஒரு மாதிரிதான் இருந்துச்சு" என்று கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

கமலக்கண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. இந்த பீர் இப்படித்தான் இருக்கும் என்று கவிநிலா அவருக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அதில் ஒரு வார்த்தையைத் திருப்பிச் சொல்லியிருந்தால் போதும். அவர் அந்துவானைப் பார்த்தார். அந்துவான் கவிநிலாவைப் பார்த்தான்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க" என்றார் கமலக்கண்ணன். "அந்துவான் சும்மா பேருக்குத்தான். செஞ்சதெல்லாம் எங்க லேப் பொண்ணு, கவிநிலா. கவிநிலா, இங்க வா. என்னா பண்ணி வச்சிருக்க நீ?"

ஒன்றரை வருடமாக அவள் காத்திருந்த பேர் முப்பது பேர் நடுவில் சத்தமாகச் சொல்லப்பட்டுவிட்டது. கையைக் குலுக்கினால் அந்துவான், காறித் துப்பினால் கவிநிலா. இது எந்த ஊர் நியாயம்? இவ்வளவு நேரம் வராத பேர் இப்போது மட்டும் எப்படி அவர் வாயில் இத்தனை சுளுவாக வந்தது? ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு அவள் நடு முற்றத்துக்கு வந்தாள்.

"ஆமா ஐயா. நான்தான் செஞ்சேன்" என்றாள் கோவிந்தராசுவிடம். "கெட்டுப் போகல. இது புளிப்பாத்தான் இருக்கணும்."

"எனக்கே சொல்றியா? முப்பது வருஷமா பீர் விக்கிறேன். புளிச்சா கெட்டுப் போச்சுன்னு அர்த்தம்."

"உங்க வீட்ல பால் திரிஞ்சு போனா என்னா பண்ணுவீங்க?"

"கீழ ஊத்துவாங்க. வேற என்னா பண்ணுவாங்க?"

"அதே பாலுக்கு உறை ஊத்தினா?"

"தயிரு" என்றான் அந்துவான், பின்னாலிருந்து.

"தயிரு புளிக்குதுன்னு யாராச்சும் துப்புவாங்களா ஐயா? இது தானா புளிச்சது இல்ல. நான் புளிக்க வச்சது. ரெண்டு நாள் பக்கத்துலயே ஒக்காந்து, எவ்ளோ புளிக்கணுமோ அவ்ளோ புளிக்க வச்சது. கெட்டுப் போன பீருன்னா காடி நாத்தம் வரும், ஈரத்துணி நாத்தம் வரும். நீங்க மோந்து பாக்கல. மோந்து பாக்காமயே துப்பிட்டீங்க."

கமலக்கண்ணன் "கவிநிலா" என்று அடிக்குரலில் அதட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கோவிந்தராசுவுக்கு ஊற்றிய அதே பாட்டிலை எடுத்து ஒரு கிளாஸில் ஊற்றி, எல்லார் முன்னாலும் நின்று குடித்தாள். இரண்டு மூன்று செல்போன்கள் அவள் பக்கம் உயர்ந்தன. நன்றாக எடுத்துக்கொள்ளட்டும் என்று இன்னொரு வாயும் குடித்தாள். பிறகு இன்னொரு கிளாஸில் ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

அவர் அவளையே பார்த்தார். யாரும் அவரிடம் இப்படிப் பேசி ரொம்ப நாள் ஆகியிருக்க வேண்டும். வாங்கி மூக்குக்குக் கீழே பிடித்தார். புருவம் ஏறியது.

"மகிழம்பூ மாதிரி இருக்கு."

"மகிழம்பூதான்."

ஒரு வாய் எடுத்தார். சின்ன வாய். நாக்கில் வைத்திருந்து விழுங்கினார். "களாக்காயா?"

"பழம்."

மூன்றாவது வாய்க்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிளாஸ் காலியானதும் அவர் கேள்வி கேட்டது கமலக்கண்ணனிடம் அல்ல. "வறுத்த நெத்திலியோட வச்சா நல்லா ஓடும்மா. மாசம் எத்தன பெட்டி உன்னால குடுக்க முடியும்?"

மேஜைக்குப் போன கிளாஸ்கள் ஒவ்வொன்றாகக் கைக்குத் திரும்பின. பட்டுப் புடவை அம்மாள், "நான் மொதல்லயே சொன்னேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஆரம்பித்தாள். கவிநிலாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. உள்ளே கொதித்தது அப்படியேதான் இருந்தது.

கோவிந்தராசு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாட்டிலைத் திருப்பி வைத்துக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தார்.

"அந்துவான்னு போட்டிருக்கு? நீதான செஞ்சதுன்ன?"

கமலக்கண்ணன் ஒரே எட்டில் நடுவே வந்துவிட்டார். முகம் நிறையச் சிரிப்பு. "அது பிரிண்டிங் மிஸ்டேக்குண்ணே. நம்ம கவிநிலாதான் எல்லாம். நான் எதையாச்சும் மறைச்சனா? இத்தன பேரு முன்னால மொதல்ல இவ பேரச் சொன்னது யாரு, நான்தான? நீயே சொல்லும்மா."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆமா ஐயா, சார்தான் சொன்னாரு" என்றாள் கவிநிலா. "நீங்க துப்பினதுக்கு அப்புறம் சொன்னாரு."